பழங் கணினியும் புதுச் சேமிப்பகமும்

“இந்தக் கணினி பழசாய்ப் போயிற்று, இனி இதனால் ஒரு பயனுமில்லை” என்னும் சொல்லை இந்நாளிற் பலர் வாயிலும் கேட்கின்றோம். பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக்கணினி விழித்தெழுவதற்கு ஐந்து நிமிடம் செல்கின்றது; ஒரு கடிதத்தைத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகின்றது. உடையவர் சலிப்புற்று அதனை மூலையில் ஒதுக்கிவிட்டுப் புதியதன் விலையை விசாரிக்கின்றார். 2022 ஆம் ஆண்டில் எமது ரூபாவின் பெறுமதி சில வாரங்களுள் பெருவீழ்ச்சி கண்டபின், அவ்விலை ஆசிரியர் வீட்டிற்கும் கமக்காரர் வீட்டிற்கும் எளிதில் எட்டுவதன்று. ஆயின், அவ்வாறு ஒதுக்கப்படும் கணினிகளுட் பல, உண்மையிற் பயனிழந்தவையல்ல. அவற்றின் மூளை நன்றாகவே இருக்கின்றது. நினைவைச் சேமிக்கும் பகுதியே தளர்ந்துவிட்டது. அப்பகுதியை மாற்றும் வகையையும், மாற்றுமுன் செய்ய வேண்டுவதையும் ஈண்டு எழுதப் புகுந்தோம். இதனை எழுதத் தூண்டியது இம்மலர் வேலையின்போது எமக்கு நேர்ந்த ஓர் இழப்பாகும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கணினியின் நினைவு இருவகைப்படும். ஒன்று, மின்சாரம் உள்ளவரை மாத்திரம் நிற்கும் தற்காலிக நினைவகம். ‘றாம்’ என வழங்குவது. அது வகுப்பறைக் கரும்பலகையை ஒத்தது; பாடம் முடிந்ததும் துடைக்கப்படும். மற்றையது, மின்சாரம் நின்ற பின்னரும் எழுதியதைக் காத்து வைக்கும் சேமிப்பகம். அது மாணவனின் கொப்பியை ஒத்தது. கணினி தொழிற்படும்போதெல்லாம் கொப்பியில் உள்ளதைப் பலகைக்கு எடுத்தெழுதிக்கொண்டே இருக்கின்றது. பக்கத்தைப் புரட்டி எடுத்துக் கொடுப்பவன் மந்தனாயின், எழுதுபவன் எத்துணை விரைவுடையவனாயினும் கை கட்டி நிற்க வேண்டியதே.

பழங் கணினிகளில் அக்கொப்பியாக இருப்பது வன்றட்டு. 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதல் வெளியிட்ட வன்றட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டு ஏறக்குறைய ஒரு தொன் நிறையுடையதாய் இருந்தது. அஃது ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அவ்வளவு இடம் வேண்டியிருக்கின்றது! கருவி சிறுத்ததேயன்றி அதன் இயல்பு மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டுச் சுழல்கின்றது. கிராமபோன் ஊசி போல் ஒரு கை அதன்மேல் முன்னும் பின்னும் நகர்கின்றது. கிராமபோன் ஊசி தட்டைத் தொடும். இதுவோ தலைமயிரின் தடிப்பினும் மிகக் குறைந்த இடைவெளியில் தொடாது மிதக்கின்றது. தொட்டால் தட்டுக்குக் கேடு.

மடிக்கணினியிலுள்ள தட்டுப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது; மேசைக்கணினியில் உள்ளது 7200 முறை. கேட்பதற்கு இது பெருவிரைவாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். 5400 எனின் செக்கனுக்கு 90 சுற்று. வேண்டிய இடம் ஊசியின்கீழ் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அஃதாவது ஆயிரத்தில் ஐந்தரைச் செக்கன் ஆகும். கை உரிய வரைக்கு நகர அதன் இருமடங்களவு செல்லும். ஆகவே செக்கனுக்கு ஏறக்குறைய அறுபது தடவையே வெவ்வேறிடங்களிலிருந்து எடுத்துக் கொடுக்க அதனால் இயலும். கணினி விழித்தெழுவதற்கோ பல்லாயிரஞ் சிறு துண்டுகளை எடுத்தல் வேண்டும். தேநீர் ஆறுவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

இதற்கு மாற்றாக வந்ததே கடைகளில் ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம். யப்பானில் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய பூஜியோ மசுவோகா என்பார் 1980களில் வகுத்த பிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. இதிற் சுழலுந் தட்டுமில்லை, நகரும் ஊசியுமில்லை. நுண்ணிய கலங்களில் மின்னேற்றம் சிறைப்பட்டு நிற்பதே எழுத்தாகின்றது. எவ்விடத்திலுள்ளதாயினும் ஆயிரத்திற் பத்திலொரு செக்கனுக்குள் எடுக்கலாம். ஐந்து நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்துள் எழுவதை யாம் பலமுறை கண்டுள்ளோம். றாம் 4 கிகாபைற்று மாத்திரம் உள்ள கணினியாயின் அதனை 8 ஆக்குதலும் நன்று. எனினும் இரண்டுக்கும் பணம் போதாதார் முதலிற் சேமிப்பகத்தையே மாற்றுக என்பது எம் கருத்து.

இனி, எதை வாங்குவது என்பது. கடைக்குச் செல்லுமுன் கணினியின் உள்ளே எவ்வகைப் பொருத்தி உளது என்று பார்த்தல் வேண்டும். 2003 ஆம் ஆண்டுக்குப் பின் பரவியது ‘சாட்டா’ என்னும் ஒடுங்கிய பொருத்தி. அதற்கு முந்தியது 40 ஊசிகளுடன் அகன்ற நாடா வடம் செல்லும் பழைய வகை. அத்தகைய கணினிக்குச் செலவிடுதலை யாம் பரிந்துரையோம். சாட்டாவுள்ளும் மூன்று தலைமுறைகள் உள. பழைய பொருத்தியிற் புதிய எஸ்.எஸ்.டி. முழு வேகத்தில் ஓடாதாயினும், சிறு துண்டுகளைத் தேடி எடுக்கும் விரைவு குறையாமையால் பயன் பெரிதும் குன்றாது. மடிக்கணினிக்கும் மேசைக்கணினிக்கும் இரண்டரை அங்குல சாட்டா வகையே போதும். அதன் தடிப்பு 7 மில்லிமீற்றர். பழைய தட்டு 9.5 மில்லிமீற்றராயின் இடைவெளியை நிரப்பும் பிளாத்திக்குச் சட்டம் ஒன்றை வைக்கலாம். மேசைக்கணினியின் மூன்றரை அங்குலத் தட்டிலே பூட்டுவதற்குத் தாங்கி ஒன்று வேண்டும்.

சற்றுப் பிந்திய கணினிகளில் ‘எம்.2’ என்னும் மெல்லிய பொருத்தி காணப்படும். இவ்விடத்திற் பலர் ஏமாறுகின்றனர். ஒரே உருவமுடைய எம்.2 பலகைகளுள் சாட்டா முறையிற் பேசுவனவும் உள, ‘என்.வி.எம்.ஈ.’ முறையிற் பேசுவனவும் உள. முன்னதை மாத்திரம் ஏற்கும் கணினியிற் பின்னது பேசா மடந்தையாய்க் கிடக்கும். கணினியின் மாதிரி இலக்கத்தைக் குறித்துச் சென்று அது ஏற்பது எது என்று அறிந்த பின்னரே வாங்குக. மிக மலிவாக மிகப் பெருங் கொள்ளளவு கூறி விற்கப்படுவனவற்றுட் போலிகளும் உள. உள்ளே சிறு நினைவகத்தை வைத்து வெளியே பொய்யிலக்கம் காட்டுவன அவை. நிரம்பியதும் முன்னெழுதியதை அழித்து எழுதும். பழைய பயோஸ் முறையில் எழும் கணினிக்கு 2 தெராபைற்றினும் பெரியதை வாங்குதல் வீண். பள்ளி வேலைக்கு 240 அல்லது 480 கிகாபைற்றே தாராளம்.

இனி எம் இழப்பைக் கூறுவோம். கல்லூரியின் பழைய சேர்வு இடாப்புகள் மை மங்கியும் தாள் முறிந்தும் இருந்தமையால், சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் விடுமுறை நாள்களில் அமர்ந்து அவற்றை நூல்நிலைய மேசைக்கணினியிற் பதிந்தனர். அதன் பின்னர் இடாப்புகளுட் சில கறையானுக்கு இரையாயின. கணினியில் இருந்ததே தனிப்பிரதியாயிற்று. அதனை எவரும் நினைத்திலோம். மலருக்காகப் பெயர்ப்பட்டியல் எடுக்கப் புகுந்த வாரத்தில், கணினியினுள் ‘டிக், டிக்’ என்னும் ஓசை எழுந்தது. திருத்துமிடம் ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். “சேர், போமற் பண்ணிப் போட்டுத் தாறன், பின்னேரம் வாங்கோ” என்றார் அங்கிருந்த இளைஞர். உள்ளே என்ன இருக்கின்றது என்று ஒரு சொல் வினவினாரல்லர். போமற் என்பது முழுவதையும் துடைத்தல் என்று எமக்கு அப்போது தெரிந்திருந்தமை எம் நற்பேறு.

கணினித் துறையிலுள்ள பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியிற் கூறிய முதற் சொல், “ஐயா, இனி அதைப் போட வேண்டாம்” என்பதே. ஓசை எழுப்பும் தட்டை மீள மீள இயக்குதல், புண்பட்ட காலால் ஓடச் சொல்வதை ஒக்கும். அவர் வந்து தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பான் வழியாக வேறொரு கணினியிற் பொருத்தி, லினக்சு முறைமையில் ‘டிடிரெஸ்கியூ’ என்னும் செயலியை இயக்கினார். இது நல்ல பகுதிகளை முதலிற் படியெடுத்து, பழுதுபட்ட இடங்களை ஒதுக்கி வைத்து, பின்னர் அவற்றைச் சிறிது சிறிதாக முயல்வது. இரண்டு இரவுகள் சென்றன. ஏறக்குறைய எல்லாம் மீண்டன. இரண்டு கோப்புகள் மீளவில்லை. 1967, 1968 ஆம் ஆண்டுகளிற் சேர்ந்தோரின் பட்டியல்களே அவை.

ஏடு பெயர்த்தெழுதுதல் எம்மவர்க்குப் புதிதன்று. ஓலை பழுதாகுமுன் மற்றோர் ஓலையில் எழுதி வைத்தமையாலேயே பழைய நூல்கள் எம் கைக்கு எட்டின. 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஏடுகள் தொட்டவுடன் ஒடிந்து உதிர்ந்த நிலையைத் தம் பதிப்புரையில் வருந்தி எழுதியுள்ளார். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் கூடவே போயின. இவற்றை வகுப்பிற் கற்பிக்கும் யாமே, ஒரு பெட்டியினுள் ஒரே பிரதியை விட்டு வைத்தோம்.

ஆகவே தட்டை மாற்றும் வேலை படியெடுப்பில் தொடங்குதல் வேண்டும். பழைய தட்டு நலமாய் உள்ளதா என்பதை ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்போ’ போன்ற இலவசச் செயலி காட்டும். நலமெனின், கடிதங்களையும் படங்களையும் முதலில் வெளித்தட்டு ஒன்றிற் படியெடுத்துக்கொண்டு, பின்னர் ‘குளோன்சில்லா’ கொண்டு முழுத் தட்டையும் உள்ளவாறே புதியதிற்கு மாற்றலாம். அதற்குப் புதியது பழையதினும் சிறிதாயிருத்தல் ஆகாது. எது மூலம், எது படி என்பதை இருமுறை பார்த்தபின் கட்டளை இடுக. மாற்றிக் கொடுத்தால் வெற்றுத் தட்டு நிறைதட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். நலமற்ற தட்டாயின் முறைமையைப் புதிதாக நிறுவுதலே தக்கது.

பூட்டும் வேலை கடினமன்று. மின்வடத்தைப் பிடுங்கி, மடிக்கணினியாயின் மின்கலத்தையும் கழற்றி, உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கியபின் தொடங்குக. திருகாணிகளைக் கழற்றிய ஒழுங்கில் ஒரு தாளில் வைத்தால் இறுதியில் ஓர் ஆணி மிஞ்சித் திகைக்க வேண்டியதில்லை. இறுவட்டுச் செலுத்தி உள்ள மடிக்கணினியில், அதனைக் கழற்றிவிட்டு அவ்விடத்துக்குரிய சட்டத்திற் பழைய வன்றட்டையும் வைத்துக்கொள்ளலாம், சட்டம் 12.7 மில்லிமீற்றர், 9.5 மில்லிமீற்றர் என இரு தடிப்புகளில் உளது. பயோசில் தட்டின் முறை ‘ஏ.எச்.சி.ஐ.’ என இருத்தல் நன்று. ஏற்கெனவே நிறுவிய முறைமையுடன் அதனைச் சடுதியாக மாற்றினால் கணினி எழாது போதலும் உண்டு. விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தமையால், விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழங் கணினிகளில் லினக்சு நிறுவுதல் இப்பொழுது தக்க வழியாகும். நூல்நிலையக் கணினியில் அதுவே ஓடுகின்றது. மாணவர் ஒரு வாரத்தில் பழகிவிட்டனர்.

எஸ்.எஸ்.டி.யும் சாவாவரம் பெற்றதன்று. வன்றட்டு ஓசையிட்டு எச்சரித்துப் பழுதாவதுமுண்டு. இதுவோ முதல்நாள் மாலை வரை நன்றாய் இருந்து மறுநாள் காலை வாய் திறவாது கிடக்கக் கூடும். மின்னேற்றமே எழுத்தாதலின், மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கிற் பெட்டியில் வைத்தால், அதிலும் வெப்பமான அறையில் வைத்தால், எழுத்து மெல்ல மறையவுங் கூடும். ஆதலின் நாளாந்த வேலைக்கு எஸ்.எஸ்.டி.யையும், பூட்டி வைப்பதற்கு வெளி வன்றட்டையும் பயன்படுத்துகின்றோம். கழற்றிய பழைய தட்டை விற்பதாயின் முழுவதும் மேலெழுதி அழித்த பின்னரே கொடுத்தல் வேண்டும். கோப்பை நீக்கியதனால் மாத்திரம் அஃது அழிந்துவிடாது.

இம்மலரின் பெயர்ப்பட்டியலில் 1967, 1968 ஆம் ஆண்டுகளுக்குரிய இடம் வெறுமையாய் இருப்பதன் காரணம் மேலே கூறியதேயாம், எவரையும் மறந்தமையன்று. அவ்வாண்டுகளிற் கல்லூரியிற் சேர்ந்த அன்பர்கள் தம் பெயர், சேர்விலக்கம், வகுப்பு என்பனவற்றையும், உடன் சேர்ந்தோருள் நினைவிலுள்ளோர் பெயர்களையும் எழுதி நூல்நிலையத்துக்கு அனுப்பியுதவுமாறு வேண்டுகின்றோம். வருவனவற்றை அடுத்த இதழிற் சேர்ப்பதோடு, இம்முறை மூன்று இடங்களிற் பதிந்து வைப்போம். அவற்றுள் ஒன்று தாளில் இருக்கும்.