ஒரு வினாடி தாமதம்! ஐகோர்ட்டு படி ஏறி காக்கி உடை வாங்கிய திருநங்கை

சென்னை-

போலீஸ் வேலைக்கு ஒரு விண்ணப்பம். அதில் ஒரு கேள்வி: ஆணா, பெண்ணா? இரண்டே கட்டம்தான். ஏதாவது ஒன்றில் 'டிக்' அடிக்க வேண்டும்.

எல்லோரும் யோசிக்காமல் நிரப்பிவிட்டுப் போகிற இடம் அது. பிரித்திகா யாஷினிக்கு அங்கேதான் வழி அடைத்தது. அதற்காக அவர் ஐகோர்ட்டு படி ஏறினார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப!

டிரைவர் வீட்டுப் பிள்ளை

சொந்த ஊர் சேலம். அப்பா டிரைவர். அம்மா தையல் வேலை செய்பவர். ஆண் பிள்ளை என்றுதான் வளர்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே, தான் மற்ற பையன்களைப் போல் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும், கோவில், டாக்டர், ஜோசியர் என்று அழைத்துக்கொண்டு அலைந்தார்கள். ஆனாலும் படிப்பை அவர் விடவில்லை. கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினார். பிறகு வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்.

திருநங்கைக்குச் சென்னையில் வீடு கிடைப்பது லேசா? "பேமிலிக்குத்தாங்க விடுறோம்" என்பார்கள். 'டூ-லெட்' போர்டு மட்டும் மறுநாளும் தொங்கும். வேலை விஷயமும் அப்படித்தான். கடை வாசலில் கைதட்டிக் காசு கேட்பவர்களைப் பார்த்து, "உழைச்சுச் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்கிறவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் ஒரு திருநங்கையைத் தன் கடையில் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?

பிரித்திகாவுக்கு லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் வார்டன் வேலை கிடைத்தது. ஆபரேஷன் செய்துகொண்டார். பெயரையும் மாற்றிக்கொண்டார்.

விண்ணப்பம் தள்ளுபடி

2015-ம் ஆண்டு சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தது. ஆயிரத்துக்கும் மேல் காலி இடங்கள். பிரித்திகாவும் மனு போட்டார். சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் அதைத் தள்ளிவிட்டது. படிப்புச் சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறு பெயர் என்று காரணம் சொல்லப்பட்டது.

இத்தனைக்கும் 2014 ஏப்ரல் 15-ந் தேதியே சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மூன்றாம் பாலினம் என்று ஒன்று உண்டு. தான் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதைச் சொல்லிக்கொள்ளும் உரிமை அவரவருக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பு. தமிழ்நாட்டிலோ திருநங்கைகளுக்கு நல வாரியம் 2008-லேயே வந்துவிட்டது. நாட்டிலேயே அதுதான் முதல் வாரியம். தீர்ப்பும் வந்தாச்சு, வாரியமும் வந்தாச்சு. விண்ணப்பத்தில் மட்டும் அதே பழைய இரண்டு கட்டம்!

மீண்டும் மீண்டும் கோர்ட்டு

ஐகோர்ட்டு தலையிட்ட பிறகுதான் எழுத்துத் தேர்வுக்கு அனுமதி கிடைத்தது. அது முடிந்ததும் 'கட்-ஆப்' மார்க் குறுக்கே வந்தது. மூன்றாம் பாலினத்துக்குத் தனி மார்க்கே கிடையாது. கடைசியில் அவருக்காக அது 28.5-ல் இருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டது.

அடுத்தது உடல் தகுதித் தேர்வு. மற்றதில் எல்லாம் தேறினார். ஓட்டத்தில் ஒரு வினாடி தாமதம். போச்சு! மறுபடியும் கோர்ட்டு.

2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் தீர்ப்புக் கூறினார்கள். பிரித்திகாவுக்கு வேலை பெறத் தகுதி உண்டு என்றார்கள். அடுத்து ஆள் எடுக்கும்போது மூன்றாம் பாலினத்தையும் ஒரு பிரிவாகச் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்கள்.

பயிற்சி முடித்து, 2017-ல் தர்மபுரியில் சப்-இன்ஸ்பெக்டராக வேலையில் சேர்ந்தார். தோளில் இரண்டு நட்சத்திரம். நாட்டிலேயே சப்-இன்ஸ்பெக்டர் ஆன முதல் திருநங்கை அவர்தான்.

கறுப்புக் கோட்டு, வெள்ளை உடை

அதன் பிறகு ஒவ்வொருவராக வெளியே தெரிய ஆரம்பித்தார்கள். 2018-ல் சத்யஸ்ரீ சர்மிளா வக்கீலாகப் பதிவு செய்து கறுப்புக் கோட்டு போட்டார். 2019-ல் அன்பு ரூபிக்கு அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு ஆர்டர் கிடைத்தது. 2024-ல் திண்டுக்கல்லில் சிந்து கணபதி ரெயில் டிக்கெட் பரிசோதகர் ஆனார். ரெயிலில் திருநங்கை வந்தால் சில்லறையைத் தேடிப் பழகிய பயணிகள், இவரைக் கண்டால் டிக்கெட்டைத் தேட வேண்டும்!

2021-ல் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. திருநங்கைகளுக்கும் அதே ஆண்டில் அந்தச் சலுகை கொடுக்கப்பட்டது.

ஆனால் பஸ்சில் ஏறிப் போய்ச் சேர ஒரு வேலை வேண்டாமா? தனி இட ஒதுக்கீடு கேட்டுத் திருநங்கைகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். அவர்களில் முன்னால் நிற்பவர் கிரேஸ் பானு. தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் படிக்க இடம் பிடித்த முதல் திருநங்கை. எந்தச் சாதிப் பிரிவில் இருந்தாலும் அதற்குள்ளேயே தங்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்பது கோரிக்கை.

பக்கத்து மாநிலமான கர்நாடகம் 2021-லேயே அரசு வேலையில் அப்படி 1 சதவீதம் ஒதுக்கிவிட்டது.