தாங்கல் கரைசல்

அமிலமோ காரமோ சிறிதளவு சேர்த்தாலும் தன் பிஎச் மதிப்பை அதிகம் மாற்றிக்கொள்ளாத கரைசல், தாங்கல் கரைசல் எனப்படும். வலிமை குறைந்த ஓர் அமிலமும் அதன் இணை காரமும், அல்லது வலிமை குறைந்த ஒரு காரமும் அதன் இணை அமிலமும் இதில் கலந்திருக்கும். தாங்கல் கரைசல் என்றாலே பிஎச் 7 என்று விடைத்தாளில் எழுதும் மாணவர்கள் உண்டு. அது தவறு. 4.7-இல் நிற்பதும் தாங்கல் கரைசல்தான். 9-இல் நிற்பதும் தாங்கல் கரைசல்தான்.

ஒரு லிட்டர் தூய நீரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால், பிஎச் 7-லிருந்து 2-க்கு இறங்கிவிடும். அதாவது ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. அதே அமிலத்தை, அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் தலா 0.1 மோல் உள்ள ஒரு லிட்டர் கரைசலில் சேர்த்தால், பிஎச் 4.76-லிருந்து 4.67-க்குத்தான் இறங்கும். சேர்த்த அமிலம் மறைந்துவிடவில்லை. அதன் ஹைட்ரஜன் அயனிகளை அசிட்டேட் அயனிகள் பிடித்துக்கொண்டு, மிகக் குறைவாகவே பிரிகையடையும் அசிட்டிக் அமிலமாக மாறிவிடுகின்றன. அசிட்டேட் தீர்ந்துவிட்டால் தாங்கலும் தீர்ந்தது. எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பது அதன் செறிவைப் பொறுத்தது.

நம் இரத்தமும் ஒரு தாங்கல் கரைசலே. அதன் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருக்கவேண்டும். புரதங்களும் ஹீமோகுளோபினும் இதற்கு உதவினாலும், முக்கியப் பங்கு கார்பானிக் அமிலம்–பைகார்பனேட் இணைக்கு உரியது. இந்த இணையை ஆராய்ந்து 1908-இல் ஹென்டர்சன் தந்த தொடர்பை, 1916-இல் ஹாசல்பாக் மடக்கை வடிவில் எழுதினார். அதுவே பாடநூலில் உள்ள ஹென்டர்சன்–ஹாசல்பாக் சமன்பாடு.

இங்கே ஒரு வியப்பு உண்டு. இந்த இணையின் பிகேஏ மதிப்பு 6.1. தாங்கல் கரைசல் தன் பிகேஏ மதிப்புக்கு அருகில்தான் நன்றாக வேலை செய்யும் என்று படிக்கிறோம். 7.4 அதற்குச் சற்றுத் தொலைவிலேயே இருக்கிறது. கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் இரத்தத்தில் பைகார்பனேட் சுமார் 24 மில்லிமோல், கரைந்த கார்பன் டைஆக்சைடு 1.2 மில்லிமோல். இதில் 12 மில்லிமோல் வலிமையான அமிலம் சேர்ந்து, உண்டாகும் கார்பன் டைஆக்சைடு வெளியேறாமல் தங்கினால், இந்த இணையை மட்டும் கொண்டு கணக்கிட, பிஎச் 6.06 ஆகிவிடும், உயிர் நிலைக்காது. நுரையீரல் அதை வெளியேற்றி 1.2-இலேயே வைத்தால் 7.1. மூச்சு வேகமெடுத்து அதை 0.72-ஆகக் குறைத்தால் 7.32. குடுவையில் இல்லாத வசதி இது: நம் தாங்கல் கரைசலுக்கு ஒரு திறந்த வாசல் இருக்கிறது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் பின்புறப் பாதையில் ஸ்கந்தாசிரமத்துக்கு வேகமாக ஏறுபவருக்கு மேல்மூச்சு வாங்குவதில் இந்த வாசலுக்கும் பங்கு உண்டு. கடுமையாக உழைக்கும் தசைகளில் லாக்டேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் சேர்கின்றன. பைகார்பனேட் அந்த அயனிகளை ஏற்க, விளையும் கார்பன் டைஆக்சைடு மூச்சில் போகிறது. செலவான பைகார்பனேட், பிறகு உடல் அந்த லாக்டேட்டைப் பயன்படுத்தித் தீர்க்கும்போது பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

ஏறி முடித்தவருக்குச் சிறிது நேரத்தில் மூச்சு அடங்கிவிடும். இன்சுலின் போதாத நீரிழிவு நோயாளிக்கு அப்படி அடங்காது. உடலில் கீட்டோன் அமிலங்கள் தொடர்ந்து சேர, பைகார்பனேட் கரைந்துகொண்டே போகும். உட்கார்ந்த இடத்திலேயே ஆழ்ந்த, வேகமான மூச்சு வாங்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழவாடை ஆகியவையும் சேரலாம். வெறும் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டிய நிலை அது.