அடையாற்றின் வாயில் மண்

உடைந்த பாலத்தின் நுனிக்குப் போனால் அடையாறு கடலில் கலப்பதைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் நண்பர் என்னை அழைத்துப் போனார். ஜூன் மாதம், விடிந்தும் விடியாத நேரம். அன்றைக்கு ஆறு கலக்கவில்லை. ஆற்றுக்கும் அலைக்கும் நடுவே ஒரு மணல் மேடு தெற்கிலிருந்து வடக்காக நீண்டு கிடந்தது. ஊரூர் குப்பத்துப் பக்கமிருந்து ஒரு நாய் அதன்மேல் ஏறி, அவசரமே இல்லாமல் நடந்து, சீனிவாசபுரம் கரையில் இறங்கியது. கால்கூட நனையவில்லை. இரு கரை மீனவர்களும் போய்வர 1967இல் கட்டிய பாலம் பத்தே வருடத்தில் இடிந்து பாதியில் நிற்கிறது. நாய்க்கு அது தேவைப்படவில்லை.

மேட்டின் வடமுனையில் ஒரு பொக்லைன் மணலை வாரிக்கொண்டிருந்தது. வாளி மேலே எழும்போது பல்லிடுக்கில் தண்ணீர் ஒழுகும். ஓட்டுநர் அப்படியே அரைவட்டம் திருப்பித் தெற்குப் பக்கமாகக் கொட்டுவார். குவியல் ஈரம் காய்வதற்குள் சரியும். சரிந்ததில் கொஞ்சம் மறுபடி பள்ளத்துக்கே வரும். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "எங்க கொட்றான் பாத்தியா நைனா? தெண்டி இழுத்தா ரெண்டு நாள்ல மறுபடி வாய்லயே வந்து குந்திக்கும்."

தெண்டி என்பது தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. ஆண்டின் பெரும்பகுதி தெண்டிதான் கரையோர மணலை வடக்கே தள்ளுகிறது. வாடை வீசும் மாதங்களில் போக்கு திரும்பும். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் சென்னைக் கரையை ஒட்டி வடக்கே நடந்து போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும், அந்த நடை தடைபட்டு மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே மணல் அடையாற்றின் வாயையும் கடந்தாக வேண்டும். ஆற்றில் விசை இருந்தால் மணலைக் கடலுக்குள் தள்ளிவிடும். மழை இல்லாத மாதங்களில் அடையாற்றில் ஓடுவது பெரும்பாலும் ஊரின் சாக்கடை. அதற்கு ஏது விசை? ஓதமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. சென்னையில் கடல் ஏறி இறங்கும் உயரம் அமாவாசை, பௌர்ணமிகளில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான். எனவே வாய் மூடிக்கொள்கிறது. விபத்தோ யாருடைய தவறோ இல்லை. கோடை வருவது எப்படி நிச்சயமோ அப்படி நிச்சயம்.

மூடினால் மீன்பிடிப் படகு ஆற்றுக்குள் வர முடியாது, கடல்நீர் உள்ளே ஏறாமல் ஆறு கறுக்கும், நண்டும் மடவையும் குறையும். 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் துடுப்புப் படகுகளுக்கும் நீரோட்டமுள்ள ஆறு வேண்டும். மழைக்காலத்தில் மூடியிருந்தால் கதையே வேறு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவை சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடல் உயர்ந்து ஆற்றுநீரை ஏற்க மறுத்தது. அப்படிப்பட்ட நாளில் முகத்துவாரம் திறந்திருந்தாலே பெரும்பாடு.

ஆகவே வாருவது சரி. யாரிடம் அனுமதி வாங்கி வாருவது என்பதில்தான் சுவாரஸ்யம்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006இல் வந்தது. துறைமுகங்களில் புதிதாக ஆழப்படுத்துவதற்கு அதன்படி முன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற திட்டத்தில் ஓர் அங்கமாக இருந்தால், பராமரிப்புக்காக வாருவதற்கு விலக்கு உண்டு. ஆறு, கால்வாய், அணைகளைப் பராமரிப்புக்காகவும் பேரிடர் தடுப்புக்காகவும் தூர்வாருவதற்கு 2016இல் தனியாக ஒரு விலக்கு சேர்ந்தது. இத்தோடு விட்டிருந்தால் அடையாற்றுக்கும் வழி திறந்திருக்கும். ஆனால் முகத்துவாரம் ஆறு மட்டுமில்லை, கடலும்கூட. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஓதம் ஏறும் ஆற்றையும் கடற்கரையாகவே கணக்கில் எடுக்கிறது. எதுவரை என்றால், ஆண்டின் மிக வறண்ட பருவத்தில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை. மணப்பாக்கத்தில் வாரினால் ஒரு சட்டம், வாயில் வாரினால் இன்னொரு சட்டம். தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கடலோர அறிவிக்கை கறாரானதுதான், குருடானது அல்ல. கடல்நீரின் இயல்பான போக்கை மாற்றக் கூடாது என்று 2011இல் சொன்னபோதே, நீர்வழிகளைச் சுத்தம் செய்வதையும் மணல் திட்டு உருவாகாமல் தடுப்பதையும் விதிவிலக்காக வைத்தது. 2019 அறிவிக்கையிலும் அது தொடர்கிறது. விலக்கு என்றால் கேட்காமலே செய்யலாம் என்று பொருளில்லை. மாவட்ட அளவிலான குழுவும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையமும் பார்த்த பிறகுதான் மேலே நகரும். அந்த அனுமதிக் காகிதம் எதிர்பார்ப்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு 'திட்டம்'. முகத்துவாரத்துக்கு முடிவு கிடையாது. இந்த வருடம் வாரியதை அடுத்த வருடம் மறுபடி வாரவேண்டும்.

இப்படித் திரும்பத் திரும்பச் சேர்வதை வேறு ஊரில் எப்படிக் கையாள்கிறார்கள்? அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரை ஒட்டி வில்லமெட் ஆற்றின் கிளையான மல்ட்னோமா வாய்க்காலில் மிதக்கும் வீடுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. மரத்தடிகள்மேல் முழு வீடு, வாசலில் பூத்தொட்டி, தபால்பெட்டி எல்லாம் உண்டு. வண்டல் சேர்ந்தால் கோடையில் வீடு தரைதட்டிச் சாய்ந்துவிடும். அங்கும் நினைத்த மாத்திரத்தில் வாரிவிட முடியாது. ஆரெகன் மாநிலச் சட்டப்படி 50 கன கெஜமோ அதற்கு மேலோ எடுக்கப் பொதுவாக அனுமதி வேண்டும். நம்மூர்க் கணக்கில் மூன்று யூனிட் லாரியில் ஐந்து லோடுகூட வராது. அதோடு ராணுவப் பொறியாளர் படைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். 1899ஆம் ஆண்டின் ஆறு, துறைமுகச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சால்மன் மீன் போகாத மாதங்களில்தான் வேலை. எடுக்கும் சேற்றையும் சோதித்தாக வேண்டும், ஏனென்றால் அந்த ஆற்றின் துறைமுகப் பகுதியே 2000இலிருந்து நச்சுத் தலங்களின் பட்டியலில் இருக்கிறது. இவ்வளவு கெடுபிடிக்கும் நடுவே ஒரு நல்ல ஏற்பாடு: பராமரிப்புத் தூர்வாரலுக்குப் பத்தாண்டு வரைக்கும் ஒரே அனுமதியாகத் தரலாம். வண்டல் திரும்பி வரும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

நம்மிடம் மிதக்கும் வீடுகள் இல்லை. ஆனால் படகிலேயே சமைத்துத் தூங்கி நாட்களைக் கழித்தவர்கள் இருந்தார்கள். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே எட்டு கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அது. விறகும் உப்பும் அந்த வழியாகப் படகில் ஊருக்குள் வந்தன. 2008இல் இந்தக் கால்வாயையும் சேர்த்து நான்காம் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள் இறங்கிவிட்டன. மயிலாப்பூரில் மாதவப் பெருமாள் கோயில் பக்கம் நின்று எட்டிப் பாருங்கள், தேசிய நீர்வழியில் தெர்மாகோல் மிதக்கும்.

அடையாற்றுக்கு என்ன கேட்கலாம்? ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் அவசரம் என்று சொல்லிப் பொக்லைனை இறக்குவதைவிட, ஐந்தாண்டுக்கு ஓர் அனுமதி வாங்கி அதில் நான்கு விஷயத்தை எழுதிவைக்கலாம் என்பது என் எண்ணம். எவ்வளவு ஆழம், எந்த மாதங்கள், என்ன சோதனை, எங்கே கொட்டுவது. பெசன்ட் நகர் கரையில் பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிட வரும். மாணவர்கள் 1988இலிருந்து இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காக்கிறார்கள். அந்த மாதங்களில் கரையில் இயந்திரத்துக்கு வேலை இருக்கக் கூடாது. உள்ளே, பாலத்துக்கு மேற்கே, கிடப்பது மணல் இல்லை, சேறு. பல ஆண்டுச் சாக்கடை அதில் படிந்திருக்கிறது. அதையும் வாயில் கிடக்கும் கடல் மணலையும் ஒரே கணக்கில் வாரி ஒரே இடத்தில் போடுவது அறிவீனம்.

நான்கில் கடைசியான கொட்டும் இடத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்றிலும் இதே கதைதான், மணல் தெற்கிலிருந்து வடக்கே போய் முகத்துவாரத்தை அடைக்கும். 2001இலிருந்து அங்கே தென்கரையில் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாகத் தள்ளி, வடகரையில் விடுகிறார்கள்; ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் கன மீட்டர். ஆறு திறந்திருக்கிறது, வடக்கே கடற்கரையும் பிழைக்கிறது. நமக்குக் குழாய்கூட வேண்டாம், அளவு சிறியது. வாயின் இருபுறமும் கல் சுவர் எழுப்பினால் தொல்லை தீரும் என்றும் ஒரு பேச்சு உண்டு. புதுச்சேரியில் 1989இல் துறைமுகச் சுவர் வந்த பிறகு நகரத்துக் கடற்கரை எங்கே போனது என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெரியவர் வலையை மடித்து முடித்திருந்தார். பொக்லைன் நின்று, ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். தெற்கே குவித்த மேட்டின் ஓரம் ஏற்கெனவே பிசிறத் தொடங்கியிருந்தது.

"நீங்களா இருந்தா எங்க கொட்டுவீங்க பெரியவரே?" என்று கேட்டேன்.

துடுப்பால் வடக்கே காட்டினார். சீனிவாசபுரத்தில், கடல் தின்றது போக மிச்சமிருந்த வீட்டின் முன்சுவர் ஒன்று அலைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. கதவில்லாத நிலைப்படியில் ஒரு பெண் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.