திறக்காத எஞ்சினுக்குப் புகட்டும் காற்று

சைக்கிள் டயருக்குக் கைப்பம்பால் காற்றடித்தவர்களுக்குத் தெரியும்: பத்து அடி அடிப்பதற்குள் பம்பின் அடிப்பக்கம் சுட ஆரம்பித்துவிடும். காரில் சூப்பர்சார்ஜர் மாட்டுபவரின் தலைவலியில் பாதி அந்தச் சூடுதான்.

சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் அதைப் பிடித்துப் புகட்டும். கிராங்க் புல்லியிலிருந்து ஒரு பெல்ட், அது சுழற்றும் ஒரு காற்றுப் பம்பு, அவ்வளவுதான் கருவி. இதில் ரூட்ஸ் என்ற வகைக்கு அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கினார்கள். அப்போது பெட்ரோல் காரே பிறக்கவில்லை!

1989-இல் வந்த மாஸ்டா மியாட்டாவை எடுத்துக்கொள்வோம். 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன், கம்ப்ரஷன் விகிதம் 9.4. பிஸ்டனையும், அதைக் கிராங்கோடு இணைக்கும் ராடையும் தொடாமல் இதில் சூப்பர்சார்ஜர் மாட்டுபவர்கள் கூடுதல் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, பெரும்பாலும் 6 பிஎஸ்ஐ பக்கம் நிறுத்திக்கொள்வார்கள். வளிமண்டல அழுத்தமே 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் 6 என்றால், கணக்குப்படி 40 சதவீதம் கூடுதல் காற்று. ஆனால் 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று 80 டிகிரிக்குப் பக்கமாக வெளியே வரும். சூட்டில் விரிந்த காற்றால் லாபம் 20 சதவீதமாகச் சுருங்கிவிடும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்தால் விட்டதில் பெரும்பகுதியைப் பிடிக்கலாம்.

ராடு வளைந்துவிடுமே என்றுதான் பலருக்கும் பயம். ராடை அதிகம் வதைப்பது எஞ்சினின் வேகம். ஆர்பிஎம் 10 சதவீதம் ஏறினால் அதை இழுக்கும் விசை 21 சதவீதம் ஏறும். பழைய எல்லைக்குள் ஓட்டினால் மிதமான பூஸ்ட்டை அது தாங்கிக்கொள்ளும். எமன் நாக்கிங்தான். ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேருமுன், ஓரத்தில் கிடக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானே வெடித்துவிடும். அந்த அடி பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்பில் விழும். வார்ப்பு அலுமினியத்துக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, விண்டுவிடும்.

ஆகவே வேலையெல்லாம் வெளியில்தான்: பெரிய இன்ஜெக்டர், ஆக்டேன் கூடிய பெட்ரோல், சற்றே தாமதித்து அடிக்கும் ஸ்பார்க். முழு பூஸ்ட்டில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதை 12-க்கு இறக்கிவிடுவார்கள். மிஞ்சும் பெட்ரோல் ஆவியாகிச் சூட்டைத் தணிக்கும்.

டொயோட்டா தன் எம்ஆர்2 காரின் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 1986-இல் சூப்பர்சார்ஜர் வைத்தபோது, கம்ப்ரஷனை 8-க்கு இறக்கி, ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்களையும் போட்டது. வாரண்டி கொடுக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சொந்த வண்டியில் கைவைப்பவருக்குக் காதுதான் காவல். மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது தகர டப்பாவில் கோலிக்குண்டு உருள்வதுபோல் சத்தம் வந்தால், உடனே காலை எடுத்துவிட்டு, பூஸ்ட்டைக் குறைக்க சூப்பர்சார்ஜருக்கு இன்னும் கொஞ்சம் பெரிய புல்லியாகப் பார்க்க வேண்டியதுதான்.