ஊதச் சொல்வது யார்?
லாரி ஓட்டுநர்களுக்கான கூட்டுப் பரிசோதனை பற்றி



சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் லாரி வைத்திருக்கும் சகோதரர்கள் நான்கைந்து பேர் ஒரு கோரிக்கை வைத்தார்கள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஒன்றிரண்டு லாரி மட்டும் வைத்துத் தொழில் செய்பவர்கள் ஒன்று சேர்ந்து, தங்கள் ஓட்டுநர்களுக்கு மது மற்றும் போதைப் பரிசோதனை செய்யப் பொதுவான ஏற்பாடு ஒன்று வேண்டும், அதை நமது அறக்கட்டளை முன்னின்று நடத்தித் தர வேண்டும் என்பதே அது. பேச்சு சூடாகிவிட்டது. "குடிக்கிறவன் பெயரைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடுங்கள்" என்றார் ஒருவர். "பிள்ளைகுட்டிக்காரன் பிழைப்பில் மண்ணைப் போடவா அறக்கட்டளை நடத்துகிறோம்?" என்றார் மற்றொருவர். முடிவு எடுக்காமலே கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்துக்கு வருமுன் விஷயம் இன்னதென்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இதில் அறக்கட்டளைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நமது உதவிப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும். அதில் அடுத்தடுத்த வரியில் இரண்டு பெண்கள். ஒருவரின் கணவர் பின்னால் வந்த லாரி மோதி இறந்தவர். மற்றவரின் கணவர் லாரி ஓட்டியவர்; குடித்துவிட்டு ஓட்டி விபத்தில் சிக்கி, லைசென்ஸையும் வேலையையும் இழந்து வீட்டில் கிடப்பவர். அது வேறு விபத்து, இது வேறு விபத்து. ஆனால் இரண்டு வீட்டுக்கும் மாத அரிசி ஒரே நாளில்தான் போகிறது.

மது விலக்கப்பட்டது என்று நமது வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்மவர்களின் லாரிகளை எல்லாச் சமுதாயத்துத் தம்பிமார்களும் ஓட்டுகிறார்கள். நாம் பேசும் பரிசோதனை மார்க்கத் தீர்ப்பு அல்ல. இந்த ஆள் இந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாமா, கூடாதா என்ற ஒரே கேள்விதான் அதில் உண்டு.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு வேறு போதைப்பொருள் ஏறியிருந்தாலும் அதே குற்றம்தான். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்துக்கு முன்பு முதல் அபராதம் 2,000 ரூபாயாக இருந்தது.

இதெல்லாம் டிரைவர் தலையோடு போய்விடும் என்று நினைக்கும் முதலாளிமார்கள் அதே சட்டத்தின் 188-ஆவது பிரிவையும் படிக்க வேண்டும். இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. வாடை அடிப்பது தெரிந்தும் "லோடு அவசரம், பார்த்துப் போ" என்று சாவியைக் கொடுப்பவர் இதை யோசிக்கட்டும். இன்சூரன்ஸிலும் இதே கதைதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டுநர் போதையில் இருந்தார் என்பதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி தன் பொறுப்பை மறுத்து வாதாடச் சட்டமே இடம் தருகிறது. ஊதிப் பார்க்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லித் தப்பிவிட முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் இஃப்கோ டோக்கியோ வழக்கில் சொல்லிவிட்டது. ஒரே லாரியை நம்பி, வீட்டை அடமானம் வைத்துத் தொழில் செய்பவருக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

நமது வட்டாரத்துக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 32-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கடலூருக்கு வடக்கே புதுச்சேரி. சிதம்பரம், சீர்காழி தாண்டித் தெற்கே காரைக்கால். இரண்டிலும் சரக்கு மலிவு. நெடுஞ்சாலை ஓரம் மதுக்கடை கூடாது என்று தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ஆம் தேதி, சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை வைக்கத் தடை விதித்தது. பிறகு சிறிய ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது; நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்றும் விளக்கம் வந்தது. கடை தள்ளிப் போனது உண்மை. பாட்டில் வண்டிக்குள் வருவது நிற்கவில்லை.

பல டிரைவர்களிடம் நாம் கேட்கும் வார்த்தை, "ராத்திரி குடிச்சது காலையில் இறங்கிடும் பாய்" என்பது. இறங்காது. உடம்பு மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லி கிராம் அளவில்தான் ஆல்கஹாலை இறக்கும். டீயோ மோரோ குளிர்ந்த தண்ணீர்க் குளியலோ அதை விரைவுபடுத்தாது. நள்ளிரவில் 150 மில்லி கிராம் இருந்தவருக்கு, காலை 5 மணிக்கு வண்டி எடுக்கும்போது இன்னும் 50 முதல் 75 வரை இருக்கும். அவருக்குத் தலை தெளிந்தது போல் இருக்கலாம். சட்டப்படி அவர் குடிபோதையில்தான் ஓட்டுகிறார். பொய் சொல்லும் டிரைவரைவிட, இந்தக் கணக்கு தெரியாத நேர்மையான டிரைவர்கள்தான் அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

அப்படியானால் ஒவ்வொரு முதலாளியும் ஓர் ஊதும் கருவி வாங்கிச் சோதித்துக்கொள்ளலாமே? ரயில்வேயில் இன்ஜின் ஓட்டுநர் பணியில் ஏறும்போது ஊதிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். அது பெரிய நிறுவனம். ஒருவர் தவறினால் மாற்று ஆள் உண்டு. இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் மாற்று டிரைவர் கிடையாது. நெல் மூட்டையோ நெய்வேலிச் சாம்பலோ ஏற்றி வண்டி நிற்கிறது, வாடகை பேசியாகிவிட்டது. அந்த நேரத்தில் கருவியை எடுத்து நீட்டும் முதலாளியை நாங்கள் பார்த்ததில்லை. சண்டை போட்ட டிரைவரை மட்டும் ஊதச் சொல்வார், மச்சானை விட்டுவிடுவார். முதலாளியே ஓட்டுநராக இருந்தால் அவரை யார் ஊதச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் கண்ட வழிதான் கூட்டுப் பரிசோதனை. 1987 ஜனவரி 4-ஆம் தேதி மேரிலாந்து மாநிலத்தில் ரயில் இன்ஜின்களும் பயணிகள் ரயிலும் மோதி 16 பேர் இறந்தார்கள். இன்ஜினை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தது தெரிய வந்தது. அதன் தொடர்ச்சியாக 1991-இல் சட்டம் வந்தது; ரயில், விமானத்தோடு கனரக லாரி ஓட்டுநர்களும் அதற்குள் வந்தார்கள். தன் லாரியைத் தானே ஓட்டும் தனி ஆளும் விதிவிலக்கு இல்லை. தன்னைத் தானே குலுக்கலில் எடுக்க முடியாதல்லவா? ஆகவே அவர் பலர் சேர்ந்த ஒரு கூட்டமைப்பில் பெயர் கொடுத்தே ஆக வேண்டும்.

கூட்டமைப்பு நடக்கும் விதம் எளிது. எல்லா முதலாளிகளின் ஓட்டுநர் பெயர்களும் ஒரே பட்டியலில் சேரும். குறிப்பிட்ட இடைவெளியில் கணினி சிலரைத் தேர்ந்தெடுக்கும். பட்டியலில் 60 பேர் என்று வையுங்கள். அங்கே போதைப்பொருளுக்கு இப்போது ஆண்டுக்கு 50 சதவீதம் என்பது விதி. அதன்படி ஆண்டில் 30 பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஏழெட்டு. மதுவுக்கு 10 சதவீதம், அதாவது 6. ஒருமுறை எடுத்த பெயரை மறுபடியும் பட்டியலில் போட்டுவிடுவார்கள். அதனால் ஒருவருக்கு ஆண்டில் இருமுறை வரலாம், இன்னொருவருக்கு வராமலே போகலாம். 'எனக்கு முடிந்துவிட்டது, இனிக் கவலையில்லை' என்று யாரும் இருக்க முடியாது. பெயர் வந்தால் முன்னறிவிப்பு இல்லை. உடனே போக வேண்டும். மறுத்தால் தவறியதாகவே கணக்கு. தனியாக இரண்டு பேருக்கு இதே விகிதத்தைப் போட்டால் ஆண்டுக்கு ஒரு பரிசோதனைதான் வரும். அது முடிந்ததும் இருவரும் நிம்மதியாகத் தூங்கலாம். பலர் சேர்ந்தால்தான் குலுக்கலுக்கு உயிர் இருக்கிறது.

அங்கே லாரிக்காரருக்கு 40 மில்லி கிராம்தான் எல்லை என்பதையும், 20-ஐத் தொட்டாலே 24 மணி நேரம் இறங்கி நிற்க வேண்டும் என்பதையும் பார்க்கும்போது, நமது 30 தளர்வான சட்டம் என்று சொல்ல முடியாது. நம்மிடம் இல்லாதது தண்டனை அல்ல. வண்டி புறப்படும் முன்பே நிறுத்தும் ஏற்பாடு.

இனி எங்களுக்கு அச்சம் தரும் பகுதிக்கு வருகிறோம். கருவி தவறும். 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில், காலையில் பழுத்த பலாச்சுளை தின்றுவிட்டு வந்த ஓட்டுநர்கள் ஊதியபோது கருவி 'மது' என்று காட்டியது. குடிக்காத ஒருவரைச் சுளை தின்ன வைத்து ஊதச் சொன்ன பிறகே குட்டு வெளிப்பட்டது. பண்ருட்டிப் பலாவை மடியில் வைத்திருக்கும் மாவட்டக்காரர்கள் நாம்! பழம் தின்றவனைக் குடிகாரன் என்று பலகையில் எழுதியிருந்தால் அந்த எழுத்தை யார் அழிப்பது? வாய் கொப்பளிக்கும் மருந்தும் சில இருமல் டானிக்குகளும் இதே வேலையைச் செய்யும். ஆகவேதான் முதல் முறை ஊதியதில் அளவு காட்டினால், எதையும் சாப்பிடாமல் 15 நிமிடம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொல்வது அமெரிக்க விதி. வாயில் ஒட்டியிருந்தது அதற்குள் போய்விடும். ரத்தத்தில் இருப்பது போகாது.

சிறுநீர்ப் பரிசோதனையில் இன்னும் கவனம் வேண்டும். கடையில் விற்கும் பட்டை முதல் சல்லடை மட்டுமே. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கு அபினி வகை என்று காட்டும். கஞ்சா பல நாள், சிலருக்கு வாரக்கணக்கிலும் தெரியும். அதனால் அந்த நிமிடம் போதையில் இருக்கிறார் என்று ஆகாது. எனவே பட்டையில் வந்ததை ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும். பிறகு ஒரு டாக்டர் அந்த ஓட்டுநரிடம் பேசி, என்ன மருந்து சாப்பிடுகிறார், சீட்டு இருக்கிறதா என்று கேட்ட பின்பே முடிவு சொல்ல வேண்டும். மாதிரியை இரண்டு புட்டியில் அடைத்து முத்திரை வைப்பதும், முடிவை ஏற்காத ஓட்டுநர் 72 மணி நேரத்துக்குள் கேட்டால் இரண்டாம் புட்டியை வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவதும் அங்கே உரிமை. செலவு கூடும் என்றாலும் இதை விட்டுவிட்டுத் திட்டம் நடத்த நாங்கள் உடன்பட மாட்டோம். நமது இளைஞர்களிடையே வலி மாத்திரையைப் போதைக்கு விழுங்கும் பழக்கம் பரவியிருப்பதை அறிவோம். அதே மாத்திரை முதுகு வலிக்கு டாக்டர் எழுதித் தந்ததாகவும் இருக்கலாம். லாரிக்காரர்களில் முதுகு வலி இல்லாதவர் யார்?

பெயர்ப் பலகை யோசனையை நாங்கள் முற்றாக எதிர்க்கிறோம். சகோதரனின் குறையை மறைப்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். அதை விட்டாலும், பலகையில் பெயர் வரும் என்றால் எந்த டிரைவரும் பட்டியலில் சேர மாட்டார். சேர்பவர் குடிக்காதவராக மட்டும் இருப்பார். முடிவு தெரிய வேண்டியது டாக்டருக்கு, ஓட்டுநருக்கு, வண்டியை நிறுத்துவதற்காக அந்த முதலாளிக்கு. அறக்கட்டளை அலுவலகத்துக்கு எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம். செயலாளராகிய எங்களுக்கே வேண்டாம். இது சட்டம் கட்டாயப்படுத்தாத ஏற்பாடு என்பதால், ஒவ்வொரு ஓட்டுநரிடமும் அவருக்குப் புரியும் தமிழில் எழுதிய சம்மதக் கடிதம் முதலில் வாங்க வேண்டும்.

தவறியவரை என்ன செய்வது? அமெரிக்க முறையில் அவர் வண்டியிலிருந்து இறக்கப்படுகிறார். தகுதி பெற்ற ஆலோசகர் அவரைப் பரிசோதித்துச் சிகிச்சை சொல்கிறார். சிகிச்சை முடித்து, மறு பரிசோதனையில் தேறினால் வேலைக்குத் திரும்பலாம். அடுத்த 12 மாதத்தில் குறைந்தது 6 முறை திடீர்ப் பரிசோதனை இருக்கும். நமக்கும் இது முடியாததல்ல. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் போதை மறுவாழ்வுச் சிகிச்சை உண்டு. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். சிகிச்சை நாட்களில் அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே, அதுதான் கேள்வி. பைத்துல்மாலிலிருந்து அந்த வாரங்களுக்கு உதவித்தொகை தரலாம் என்பது எங்கள் யோசனை. பின்னால் ஆண்டுக்கணக்கில் அரிசி அனுப்புவதைவிட இது குறைந்த செலவு.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை, கோபிக்க வேண்டாம். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. அது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடங்களுக்குத்தான் என்பதால் நம்மில் பலர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு இரவு தூங்காமல் டிரிப் அடித்தவர் மூன்றாம் நாள் எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறார். விழிக்க ஒன்று, தூங்க ஒன்று. டிரைவரைக் குலுக்கலில் போடும் முதலாளி தன் டிரிப் ஷீட்டையும் குழுவிடம் காட்டச் சம்மதிக்க வேண்டும். சென்ற கூட்டத்தில் கோரிக்கை வைத்தவர்களிடம் இதைக் கேட்டோம். இரண்டு பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு லாரி உரிமையாளர்கள் தனியாக வர வேண்டாம். தங்கள் ஓட்டுநர்களையும் அழைத்து வரவும்; எந்தச் சமுதாயத்தவரானாலும் வரலாம். சம்மதக் கடிதத்தின் மாதிரி ஒன்றை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். படித்துப் பார்த்து, எந்த வரியில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை என்பதை ஓட்டுநர் தம்பிமார்கள் முன்கூட்டியே சொன்னால், அதைத் திருத்திக்கொண்டு கூட்டத்தில் பேசலாம், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்