இரண்டு நிமிட வான்பயணம்

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுக் கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என இரு சிறு தீவுகள் உள்ளன. அவற்றின் விமானத் தளங்களுக்கு இடையேயான தொலைவு 2.7 கி.மீ. மட்டுமே, எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையின் நீளமும் ஏறத்தாழ இதுவே. 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் இங்கு விமானம் இயக்கி வருகிறது. அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம். காற்று துணைநின்றால் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

2 நிமிடத்தில் 2.7 கி.மீ. என்றால் மணிக்கு 81 கி.மீ. வேகம்தான். நெடுஞ்சாலையில் கார்கூட இதை விஞ்சும்! அந்தச் சிறு விமானம் இதைப்போல் இரு மடங்குக்கு மேலான வேகத்தில் பறக்கக் கூடியதே. ஆனால், முழு வேகத்தில் நிலைகொள்ளும் முன்பே இறங்கியாக வேண்டும். தொலைவு குறைவதற்கேற்ப நேரம் குறைவதில்லை, செலவும் அவ்வாறே. ஓடுபாதைப் பராமரிப்பும் தீயணைப்புப் பணியாளர்களும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை.

பயணக் கட்டணம் இதற்கு ஈடாகாததால், ஆர்க்னி உள்ளாட்சி மன்றம் மானியம் வழங்குகிறது. ஏறத்தாழ 90 பேர் வாழும் பாப்பா வெஸ்ட்ரேவுக்கு இது ஊதாரித்தனம் அல்லவா என்று, கணக்குப் பார்த்தே பழகிய என் போன்றோருக்குத் தோன்றும். படகும் இருக்கிறதே என்பார்கள். கடல் சீறினால் படகு நின்றுவிடும். மேலும், இது தனிப் பயணமன்று. மருத்துவமனை உள்ள தலைநகர் கிர்க்வாலிலிருந்து புறப்படும் விமானம் இரு தீவுகளையும் தொட்டுத் திரும்பும் சுற்றின் ஒரு துண்டு. அதை வெட்டினால் மிச்சமாவது சிறிதளவு எரிபொருளே.