டின் பாலும் தாய்ப் பாலும்

விலையில்லாமல் கிடைக்கும் ஒரு பண்டத்துக்குப் போட்டியாக விலையுள்ள பண்டத்தை விற்க வேண்டுமானால் என்ன செய்வது? முதற் பண்டத்தின் மீது சந்தேகத்தை உண்டாக்க வேண்டும். "உன் குழந்தைக்கு உன் பால் போதுமா, அம்மா?" என்று பரிவுடன் விசாரித்தால் போதும். பிரசவக் களைப்புடன் படுத்திருக்கும் பெண்ணின் மனத்தில் அந்த ஒரு கேள்வி செய்யும் வேலையை ஆயிரம் விளம்பரங்கள் செய்ய மாட்டா.

இந்த வித்தை எப்படி நடந்தது, சட்டம் அதற்கு எவ்வாறு அணை போட்டது, அணை போட்ட பின்பும் எது பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் நமது குடும்பங்களில் ஆண், பெண் இருபாலாரும் அறிய வேண்டிய விஷயங்கள்.

சிங்கப்பூரில் ஒரு பிரசங்கம்

1939-ம் வருஷத்தில் சிங்கப்பூர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கே குழந்தை வைத்தியம் செய்து வந்தவர் ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் மாது. ஜமைக்காத் தீவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது, 'குவாஷியோர்க்கர்' என்னும் போஷாக்குக் குறைவு நோயை வைத்திய உலகுக்கு எடுத்துக் காட்டியவர்.

சிங்கப்பூரிலோ அவர் வேறொரு கொடுமையைக் கண்டார். பால் கம்பெனிகள் பெண்களுக்குத் தாதிகளைப் போல் உடுப்பு அணிவித்துத் தாய்மார்களிடம் அனுப்பின. அவர்கள் பேச்சை நம்பி, தாராளமாகப் பால் சுரந்த தாய்மார்களும் அதை நிறுத்தினார்கள். சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய டின் பாலைக் கரைத்துப் புகட்டினார்கள். குழந்தைகள் நோயுற்று மடிந்தன.

அவ்வருஷம் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் வில்லியம்ஸ் அம்மையார் பேசினார். "பாலும் கொலையும்" என்பது தலைப்பு. தவறான பிரசாரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்று சபையின் முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்தக் குரல் உலகத்தின் செவியில் ஏற நாற்பத்திரண்டு வருஷம் பிடித்தது. 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மகாசபை, தாய்ப் பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பண்டங்களுக்கு விதிமுறை வகுத்தது. ஆதரித்த தேசங்கள் 118. எதிர்த்தது ஒன்றே ஒன்று: அமெரிக்கா!

வியாபாரிக்கு ஒரு கடிவாளம்

நமது தேசம் அவ்விதிமுறையை 1992-ல் சட்டமாகவே ஆக்கிற்று. குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் கூடாது. வைத்தியருக்கோ தாதிக்கோ வெகுமதி கூடாது. டின்னின் மேல் கொழுகொழுவென்ற குழந்தையின் படம் கூடாது. தாய்ப் பாலே சிறந்தது என்று அந்த டின்னிலேயே அச்சிட வேண்டும். 2003-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

தாய்மாருக்கு இலவச மாதிரி டின் கொடுப்பதும் குற்றம். இலவசமாய்க் கொடுப்பதில் என்ன குற்றம் என்று சிலர் கேட்கலாம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். புட்டிப் பால் வயிற்றை நிரப்பினால் குழந்தை மார்பைத் தேடாது. தேடாவிட்டால் சுரப்பு குறையும். மாதிரி டின் தீரும்போது தாயின் பாலும் வற்றிவிட்டால், அப்புறம் காசு கொடுத்து வாங்குவதைத் தவிர வழி ஏது?

அவகாசம் எங்கே?

ஆறு மாதம் வரை தாய்ப் பாலைத் தவிரத் தண்ணீரும் வேண்டாம் என்கிறது வைத்திய சாஸ்திரம். ஆனால், பாலிருந்தும் அவகாசம் இல்லாத தாய் என்ன செய்வாள்? 1961-ம் வருஷத்துப் பிரசவ கால உதவிச் சட்டம் தந்த பன்னிரண்டு வார விடுமுறையை, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக 2017-ல் உயர்த்தினார்கள். தமிழ் நாட்டில் 2015 முதல் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் ஏற்பட்டன. நல்ல காரியங்களே. ஆனால் நாற்று நடுகிறவளுக்கும், கல் சுமக்கும் சித்தாளுக்கும், வீட்டு வேலை செய்கிறவளுக்கும் சம்பளத்தோடு விடுமுறை தருவார் யார்? அவர்கள் குழந்தைக்கும் பசி ஒன்றுதானே?

நழுவும் ஒரு மணி நேரம்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். மஞ்சள் நிறமான அந்தச் சீம்பால்தான் நோயைத் தடுக்கும் முதற் கவசம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் நூறு பிரசவங்களில் சுமார் 89 ஆஸ்பத்திரிகளில் நிகழ்ந்தன. ஆயினும், முதல் மணி நேரத்துக்குள் பால் அருந்திய குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 42 தான்!

ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், தாய் இருக்கிறாள். தாயையும் சேயையும் உடனே சேர்த்து வைப்பார்தாம் இல்லை. ஒரு பக்கம் சீம்பாலைப் பீச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைக்கும் பழக்கம். மறு பக்கம் ஆயுத சிகிச்சைக்குப் பின் தாய் ஓர் அறையிலும் சேய் ஓர் அறையிலும் இருக்கும் நிலைமை. தாதிகளைப் பழக்கி இக்குறையைப் போக்கச் சர்க்கார் 2016-ல் 'மா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு பிரசவ அறையிலும் அந்த ஒரு மணி நேரம் தாயின் அருகில் நிற்க ஒரு தாதி இருந்தால்தான் திட்டம் பலிக்கும்.

பால் கொடுக்க இயலாத தாயைப் பழிப்பது மகா பாவம். அவள் குழந்தைக்கும் வழி உண்டு. மற்றத் தாய்மார் தரும் பாலைச் சேமித்து வழங்கும் தாய்ப் பால் வங்கி, ஆசியாவிலேயே முதன் முதலாக, பம்பாய் ஸயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் ஏற்பட்டது.

பால் சுரப்பது இயற்கையின் செயல். அது குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேருவது சட்டத்தின் செயல், சர்க்காரின் செயல், குடும்பத்தாரின் செயல். அடுத்த முறை நம் வீட்டில் குழந்தை பிறக்கும்போது, "பால் போதுமா?" என்று தாயைக் கேட்காதிருப்போம். "உனக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்போம்.